கமர் நிஷா எதிர் கமர் நிஷா

கமர் நிஷாவிடம் வேலை பார்க்கும் கமர் நிஷா கொடுமைப்படுத்தப்படுகிறாள் என்பதை முதன்முதலில் கண்டுபிடித்தவர் வெங்கட்ரமணன். அதுவரை பழவேற்காட்டில் யாருக்கும் இந்த விஷயம் தெரியாது. கமர் நிஷாவுக்கே தெரியாது.

அவள் பாட்டுக்கு வீட்டில் உட்கார்ந்து பனங்குருத்தோலையில் பெட்டி பின்னிக்கொண்டிருந்தாள். அவள் தெருவில் பாதிப் பெண்களுக்கு அதுதான் வேலை. பெட்டிகள் சென்னைக்குப் போகும், அங்கே ஒரு கடைக்காரர் தன் பெயரை ஒட்டி விற்பார், வாங்குகிறவர்கள் அவர்தான் பின்னினார் என்று நினைத்துக்கொள்வார்கள். கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த விக்டோரியாவுக்கு இது பொறுக்கவில்லை. 'நற்கரம் டாட் காம்' என்கிற இணையச் சந்தையில் கமர் நிஷாவுக்கு ஒரு கடை திறந்து கொடுத்தாள். கடையின் பெயர், 'கமர் நிஷா, பழவேற்காடு'. கம்ப்யூட்டர் திரையில் தன் பெயரை முதல்முறை பார்த்தபோது கமர் நிஷா சட்டென்று முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். யாரோ பெரிய மனுஷி எதிரே வந்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

பெட்டிகள் ஜெர்மனிக்கும் கனடாவுக்கும் போயின. அதைப் பார்த்துத் தெருவில் மற்ற பெண்களும் ஆளுக்கொரு கடை திறந்தார்கள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் நற்கரத்துக்குத் திடீரென்று நல்லவர்களாக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த ஆசை ஒரு கம்பெனிக்கு வந்தால் அக்கம்பக்கத்தில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது.

வந்த மின்னஞ்சலை விக்டோரியா இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, இனிமே கடை நடத்தணும்னா 'நெறிசார் நிலைத்த உற்பத்திச் சான்று' வாங்கணுமாம். உன் பொட்டி நல்லா கீதான்னு கேக்கல. நீ நல்லவளான்னு கேக்குறாங்கோ."

"நல்லவதான்னு எழுதிப் போடு."

"நீயே சொன்னா செல்லாதாம். மூணாவது ஆளு சொல்லணுமாம்."

"எங்க ஊட்டுக்காரரு சொல்லுவாரு."

"அவரு ரெண்டாவது ஆளுக்கா."

மூன்றாவது ஆளாகத்தான் வெங்கட்ரமணன் திருவள்ளூரிலிருந்து காரில் வந்து இறங்கினார். நற்கரத்தின் நெறிநிலை அலுவலர். அவர் வீட்டுக்குள் இருந்த நேரம் முழுவதும் வெளியே காரின் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, திரும்பி ஏறும்போது உள்ளே குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதற்காக. கையில் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர். குடித்துவிட்டு, பாட்டிலைக் கமர் நிஷாவிடம் நீட்டி, "இதைப் பொறுப்பா அப்புறப்படுத்துங்க" என்றார். பிறகு வேலையைத் தொடங்கினார்.

"இங்க முதலாளி யாரு?"

"நாந்தாங்க."

"தொழிலாளி?"

"அதுவும் நாந்தாங்க."

வெங்கட்ரமணன் பேனாவை மூடினார். அவர் கோபப்படவில்லை. வருத்தப்பட்டார்.

"அம்மா, முதலாளின்னு ஒருத்தர், தொழிலாளின்னு ஒருத்தர் இருந்தாத்தான் சுரண்டல் இருக்கா இல்லையான்னு நாங்க பார்க்க முடியும். ரெண்டும் ஒரே ஆளா இருந்தா நாங்க யாரைப் பாதுகாக்கறது? எங்களுக்கு என்ன வேலை?"

அவருக்கு வேலை இல்லாமல் போய்விடுமோ என்று கமர் நிஷாவுக்குப் பாவமாக இருந்தது. வீடு தேடி வந்தவர். "உங்களுக்கு எப்டி தோதோ அப்டி எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த ஒரு வார்த்தையில் அவள் இரண்டு பேராகப் பதிவானாள். முதலாளி கமர் நிஷா, வயது முப்பத்தெட்டு. தொழிலாளி கமர் நிஷா, வயது முப்பத்தெட்டு. இருவரும் ஒரே முகவரியில் வசிப்பது கவலைக்குரியது என்று ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதினார்.

"வேலை நேரம்?"

"விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு ஒக்காருவேன். ஏரிக் காத்து ஈரமா இருக்கும், ஓலை சொன்னபடி கேக்கும். வெயில் ஏறிச்சின்னா மொறுமொறுன்னு ஒடஞ்சிடும். அப்பால சாயங்காலம் அசருக்கு மேலதான்."

"நெறிப்படி வேலை நேரம் காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்தரை."

"அந்த நேரத்துல ஓலை ஒடையுங்க."

"ஓலைக்கு நாங்க நெறி வகுக்கலை அம்மா. மனுஷங்களுக்குத்தான்." அதையும் எழுதிக்கொண்டார். "இந்த ஓலை எந்த மரத்துது?"

"ஏரிக்கரையில நிக்குதே, அந்த மரந்தாங்க."

"அந்த மரம்னா? ஒவ்வொரு ஓலைக்கும் எந்த மரம்னு சொல்லத் தெரியணும். மரத்தோட முகவரி வேணும்."

அப்போது பக்கத்து வீட்டு அஃப்ஸானாவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். பேச்சு போகிற போக்கில் கைக்குக் கிடைத்த பெட்டியை எடுத்து ஆளுக்கு நாலு சுற்றுப் பின்னுவது அந்தத் தெருவின் வழக்கம். ஒருத்தி அடி போடுவாள், ஒருத்தி மூடி முடிப்பாள், யார் எதை முடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. வெங்கட்ரமணன் கேட்டார். பக்கத்து வீட்டுக்காரி சும்மா வந்து பின்னிக் கொடுக்கிறாள் என்பதைக் கொத்தடிமை என்ற தலைப்பின் கீழ் குறித்துக்கொண்டார். தான் கொத்தடிமை என்று தெரிந்ததும் அஃப்ஸானா கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அவர் குறித்துக்கொண்டார்.

"இந்த பேஜாரே வேணாங்க" என்றாள் கமர் நிஷா. "நான் கடைய மூடிக்கிறேன்."

"அது உங்க சுதந்திரம். நற்கரம் யாரையும் கட்டாயப்படுத்தறதில்லை." வெங்கட்ரமணன் அன்பாகத்தான் சொன்னார். "ஆனா ஒருத்தர் பாதியில விலகினா, அந்தப் பின்கோடுல இருக்கிற எல்லாக் கடையையும் நாங்க மூடிடுவோம். ஒருத்தர் ஓடறாங்கன்னா ஊரே எதையோ மறைக்குதுன்னுதானே அர்த்தம்?"

அஃப்ஸானாவின் சிரிப்பு அதோடு நின்றது. கார் கிளம்பிப் போன பிறகு அவள் கமர் நிஷாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அவரு இன்னா சொன்னாலும் சரின்னு சொல்லிடு. எங்க கடையெல்லாம் உன் கையிலதான் கீது."

சரி என்று சொல்வதில் என்ன கஷ்டம் என்றுதான் கமர் நிஷாவும் நினைத்தாள்.

நெறிநிலை மையம் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஒரு இரும்பு ஆலைக்கும் ஒரு ரசாயன ஆலைக்கும் நடுவில் இருந்தது. சுவரில் 'தூய காற்று நம் பிறப்புரிமை' என்று பெரிய படம். அதன் கீழே, ஜன்னலைத் திறக்காதீர்கள் என்று சின்னதாக எழுதி ஒட்டியிருந்தது. பஸ்ஸில் பொன்னேரி வந்து, அங்கிருந்து ரயிலில் ஏறி, சான்றுக்கு முன்னால் முடிக்க வேண்டிய பயிற்சி வகுப்புக்கு வந்திறங்கிய கமர் நிஷாவுக்கு ஒரு சிக்கல் காத்திருந்தது. முதலாளிகளுக்கான வகுப்பு மாடியில், தொழிலாளிகளுக்கான வகுப்பு கீழே, இரண்டும் பத்து மணிக்கு. இரண்டிலும் அவள் பெயர் இருந்தது.

மாடியில் நாற்காலிகள், பீங்கான் கோப்பையில் டீ, முந்திரி பிஸ்கட். பேசியவர் ஆதிகேசவன். அதே தொழிற்பேட்டையில் ஆலை வைத்திருப்பவர், நற்கரத்தின் முன்மாதிரி முதலாளி என்று விருது வாங்கியவர்.

"நானும் தொழிலாளியா இருந்து வந்தவன்தான். அதனாலதான் சொல்றேன், ஒருத்தனையும் நம்பாதீங்க" என்றார் ஆதிகேசவன். "சிரிச்சிகினு வர்ற தொழிலாளிகிட்ட உஷாரா இருங்க. அவன் எதையோ ரெகார்டு பண்ணிகினு கீறான்."

கமர் நிஷா பாதி டீயோடு இறங்கிக் கீழே ஓடினாள். கீழே நாற்காலி இல்லை, பாய்தான். தொழிலாளர்களின் மண்சார்ந்த அடையாளத்தை மதிக்க வேண்டும் என்பதற்காகவே நாற்காலி போடவில்லை என்று ஜானவி விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் நற்கரத்தின் தொழிலாளர் நல அதிகாரி. படித்து முடித்த கையோடு சென்னையிலிருந்து வந்த பெண். ஏழைகள் மேல் அவளுக்கு உண்மையிலேயே இரக்கம் உண்டு. குறுக்கே யாராவது ஏழை வந்து பேசினால்தான் எரிச்சல் வரும்.

"உங்க முதலாளி நல்லவங்கன்னு உங்களுக்குத் தோணுதா?" என்று கேட்டாள் ஜானவி.

"நல்லவதாங்க" என்றாள் கமர் நிஷா.

"அதுதான் அடிமைத்தனத்தோட முதல் அறிகுறி. உங்க முதலாளி இப்ப எங்க இருக்காங்க?"

"மாடியில இருக்கணுங்க. டீ ஆறிப்போவும், இதோ போறேன்."

அவள் படியேறி ஓடியதை எல்லாரும் பார்த்தார்கள். முதலாளியின் டீ ஆறிவிடும் என்று இந்த அம்மாள் எப்படி நடுங்குகிறாள் பாருங்கள் என்று ஜானவி வகுப்புக்குச் சுட்டிக்காட்டினாள். அன்று சாயங்காலம் வரை கமர் நிஷா படி ஏறி இறங்கியதில் முழங்கால் விட்டுப்போனது. தொழிலாளியாகக் கீழே கேட்டதற்கு மாடியில் முதலாளியாகப் பயந்தாள். மாடியில் கேட்டதற்குக் கீழே வந்து தன்னையே சந்தேகப்பட்டாள். ஊருக்குத் திரும்பும் ரயிலில் யாரோடு யார் போகிறோம் என்றே அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

அதற்குப் பிறகு ரமலான் மாதம் பிறந்தது. நோன்பு தொடங்கிக் கொஞ்ச நாளில் ஜானவி போன் செய்தாள்.

"உங்க யூனிட்டிலிருந்து எங்க புகார் லைனுக்கு ஒரு புகார்கூட வரலையே?"

"புகார் ஒண்ணும் இல்லைங்க."

"புகாரே இல்லாத இடம்னு உலகத்துல கிடையாது. பயம் இருக்கற இடத்துலதான் புகார் வராது. இந்த மாசத்துக்குள்ள ஒண்ணாவது வரலைன்னா, 'தொழிலாளர்கள் மிரட்டப்படுகிறார்கள்'னு பதிவாயிடும். அப்புறம் உங்க பின்கோடு..."

பின்கோடு என்ற சொல்லைக் கேட்டதும் கமர் நிஷா போனை வைத்துவிட்டு உள்ளே போனாள். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் காண்டிராக்ட் வேலைக்குப் போய்வரும் அவள் கணவன் நூர் அகமது, நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் கேட்டாள்.

"ஒரு புகார குடுத்துட்டு நிம்மதியா இரு" என்றான் அவன்.

"இல்லாத புகார எப்டிங்க குடுக்கிறது? நோன்பு வச்சிகினு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"பொய் ஏன் சொல்ற? இருக்கிறதச் சொல்லு. இன்னா கேக்குறாங்களோ அதுக்கு உள்ளத உள்ளபடி சொல்லு."

வேறு எந்த மாதமாக இருந்திருந்தாலும் கமர் நிஷா ஒரு சின்னப் பொய்யைச் சொல்லித் தப்பித்திருப்பாள். ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது, குடம் ஓட்டை என்று ஏதாவது. நோன்பு நாளாகப் போனதால் உண்மையைத் தவிர வேறு எதையும் சொல்லக் கூடாது என்ற உறுதியோடு மறுநாள் புகார் லைனுக்குப் போன் போட்டாள். எடுத்தவள் ஜானவிதான்.

"பயப்படாம சொல்லுங்க. மதியம் சாப்பாடு கிடைக்குதா?"

"இப்ப இல்லைங்க."

"தண்ணி?"

"சொட்டுத் தண்ணி கெடையாதுங்க."

போனில் ஜானவியின் மூச்சு கேட்டது. "எப்போலேருந்து இப்படி?"

"பிறை பாத்த நாள்லேருந்துங்க."

"காலையில எப்ப எழுப்பறாங்க?"

"மூணரைக்குங்க. விடியறதுக்குள்ள சஹர் பண்ணணும் இல்ல?"

"பசிக்குதுன்னு சொன்னா உங்க முதலாளி என்ன சொல்லுவாங்க?"

கமர் நிஷா யோசித்தாள். உள்ளத உள்ளபடி. "பொறுத்துக்கோ, மக்ரிபுக்கு இன்னும் நேரங் கீதுன்னு சொல்லுவா. ஆனா அவளும்தாங்க சாப்புடல. நோன்புங்க இது."

"ஓ. மதத்தைக் காரணம் காட்டிப் பட்டினி போடறாங்க." எழுதுகிற சத்தம். "போனை முதலாளிகிட்டக் கொடுங்க."

கமர் நிஷா சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு, வேறு வழி தெரியாமல், போனை வலது காதிலிருந்து எடுத்து இடது காதில் வைத்தாள். "ஹலோ" என்றாள்.

"நீங்க உங்க தொழிலாளிக்குச் சாப்பாடு போடறதில்லைன்னு புகார் வந்திருக்கு."

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. அவளே இஷ்டப்பட்டுதான் இருக்கா."

"எல்லா முதலாளியும் இதையேதான் சொல்றாங்க" என்றாள் ஜானவி, மிகவும் குளிர்ந்த குரலில்.

பெருநாள் கழிந்ததும் விசாரணைக்கு அழைப்பு வந்தது. கும்மிடிப்பூண்டி மையத்தில் மேஜைக்குப் பின்னால் வெங்கட்ரமணன், ஜானவி, ஆதிகேசவன் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே இரண்டு நாற்காலிகள், நடுவில் ஒரு திரை. முதலாளியின் முகத்தைப் பார்த்துத் தொழிலாளி பயந்துவிடக் கூடாது என்பதற்காகத் திரை. முதலாளியிடம் கேள்வி கேட்டபோது கமர் நிஷா இந்தப் பக்கம் உட்கார்ந்து பதில் சொன்னாள். தொழிலாளியிடம் கேட்டபோது எழுந்து, திரையைச் சுற்றிப் போய், அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"வெள்ளிக்கிழமை உங்களுக்கு லீவு உண்டா?" என்று திரைக்கு அந்தப் பக்கம் கேட்டார்கள்.

"ஜும்மா நேரத்துல வேல இல்லைங்க. அப்பால ஒக்காருவேன்."

"உங்களை எப்பவாவது திட்டியிருக்காங்களா?"

"கோணலாப் பின்னிட்டா திட்டுவாங்க. 'கை இன்னா வெளங்காமப் போச்சா'ன்னு."

"யாரு திட்டினது?"

"நாந்தாங்க."

ஜானவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தன்னையே குற்றவாளியா நினைக்கற அளவுக்கு ஆக்கிட்டாங்க, சார்."

அப்போதுதான் கமர் நிஷாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கத்த வேண்டும் போலிருந்தது. எழுந்து நின்று, திரையைக் கையால் விலக்கி, "ரெண்டும் நாந்தாங்க! உங்க கண்ணுக்குத் தெரியலையா? இங்க வேற ஒருத்தியும் இல்ல!" என்றாள்.

வெங்கட்ரமணன் அவளை உட்காரச் சொல்லிக் கை காட்டினார். "தெரியும்மா. எனக்குத் தனிப்பட்ட முறையில நல்லாவே தெரியும். ஆனா நான் இங்க தனிப்பட்ட முறையில உக்காரலையே? தனிப்பட்ட முறையில பார்த்தா நீங்க ஒருத்தர்தான். நெறிநிலைப்படி ரெண்டு பேர். நான் சம்பளம் வாங்கறது நெறிநிலைக்கு."

ஆதிகேசவன் தொண்டையைச் செருமினார். "இந்த மாதிரி முதலாளிங்களாலதான் எங்கள மாதிரி ஆளுங்களுக்கும் கெட்ட பேரு. பாவம் அந்தத் தொழிலாளி. நம்ம ஆலைக்கு அனுப்புங்க, நான் பாத்துக்கிறேன்."

தீர்ப்பை வெங்கட்ரமணன் படித்தார். முதலாளி கமர் நிஷாவின் கடை நிரந்தரமாக மூடப்படுகிறது. தொழிலாளி கமர் நிஷா மீட்கப்படுகிறாள். ஆதிகேசவனின் முன்மாதிரி ஆலையில் மறுவாழ்வு பெறுவாள். மறுவாழ்வுக் காலம் முடியும்வரை கொடுமை செய்த முதலாளி வசிக்கும் வீட்டுக்கு அவள் போகக் கூடாது, ஆலை விடுதியிலேயே தங்க வேண்டும். இருவரும் ஒத்துழைத்தால் அந்தப் பின்கோடில் மற்ற கடைகளுக்கு ஒன்றும் ஆகாது. ஒத்துழைக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவர் படிக்கவில்லை, அவளைப் பார்த்தார்.

கடை போனது அவளுக்கு வலித்தது. ஆனாலும் அஃப்ஸானாவின் முகம் நினைவுக்கு வந்தது. முதலாளியாக ஒரு கையெழுத்தும் தொழிலாளியாக ஒரு கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன, முதலாளி மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருப்பாளோ என்று ஜானவிக்கு ஒரு சந்தேகம் இருந்தது.

ஆதிகேசவனின் ஆலை மையத்துக்குப் பின்பக்கமே இருந்தது. முன்பு பிளாஸ்டிக் வாளி செய்துகொண்டிருந்த மெஷினில் சின்ன மாற்றம் செய்து இப்போது ஓலையை அழுத்திப் பெட்டி செய்தார்கள். அங்கே எல்லாமே நெறிப்படி இருந்தது. நாலு அவசர வழிகள் இருந்தன, அவசரமில்லாதபோது யாரும் போய்விடக் கூடாது என்று நாலையும் பூட்டி வைத்திருந்தார்கள். மாதத்துக்கு ஒரு புகார் தவறாமல் போய்க்கொண்டிருந்தது, ஆபீஸ் ரூமிலிருந்தே எழுதி அனுப்பினார்கள். ஓலைக்கு மரத்தின் முகவரி கேட்டால், ஒரே முகவரியை எல்லா ஓலைக்கும் போட்டிருந்தார்கள். அந்த முகவரியில் ஒரு மரம் இருக்கத்தான் செய்தது.

கமர் நிஷாவுக்குக் கொடுத்த வேலை, மெஷினிலிருந்து வரும் பெட்டிகள் ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்து எடுப்பது. அவள் கை பட்டவுடன் அது கைவினைப் பொருள் ஆகிவிடும். முதல் நாள் அவள் கை வைத்ததோடு நிற்காமல், ஒரு பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்று அழுத்திச் சரிசெய்தாள். மேற்பார்வையாளர் ஓடிவந்தார். "இன்னாம்மா பண்ற? அதெல்லாம் உன் வேல இல்ல. தொட்டா போதும்."

காலையும் மாலையும் பின்னிக்கொண்டிருந்தபோது வராத அலுப்பு, சும்மா தொடுவதில் வந்தது. சாயங்காலமானால் விடுதி அறையில் பிறை பார்த்து மாதத்தை எண்ணினாள். வீட்டு ஞாபகம் வரும். நூர் அகமது சோறு வடிக்கத் தெரியாமல் குழைத்துவிடுவான் என்று நினைத்துக்கொண்டு, அதற்காகவே அழுவாள். விக்டோரியா ஒருநாள் போன் பண்ணினாள்.

"அக்கா, உன் போட்டோவ நற்கரம் மொத பக்கத்துல போட்டுக்கிறாங்கோ. கொடூரமான முதலாளிகிட்டேருந்து மீட்கப்பட்டவங்களாம். வெளிநாட்டுக்காரங்க உனக்கு ஆறுதல் எழுதிகினு கீறாங்க. அந்த முதலாளியத் திட்டி எழுதிகினு கீறாங்க."

"அவ இன்னா பண்ணா பாவம்?" என்றாள் கமர் நிஷா. சொன்ன பிறகுதான் தான் யாரைப் பற்றிச் சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. இப்படியே இன்னும் கொஞ்ச நாள் போனால் தானும் அந்த முதலாளியைத் திட்டத் தொடங்கிவிடுவோமோ என்று பயந்தாள்.

மறுவாழ்வுக் காலம் பக்ரீத்துக்கு முன்னால் முடிந்தது. அன்று காலையிலேயே துணிகளைக் கட்டி வைத்துக்கொண்டு கேட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள். நூர் அகமது லீவு போட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றான். வாட்ச்மேன் பச்சையப்பன் சாவியோடு நின்றான். விடுவிக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட வெங்கட்ரமணன் வந்தார். எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருந்தார்கள்.

"ஒரே ஒரு கேள்விதான், சும்மா நடைமுறைக்கு" என்றார் வெங்கட்ரமணன். "இவங்க திரும்பிப் போகிற வீட்ல இப்ப யாரெல்லாம் இருக்காங்க?"

"யாரும் இல்ல சார். நான் மட்டுந்தான். நானும் வேலைக்குப் போயிட்டா ஊடு பூட்டிதான் கெடக்குது" என்றான் நூர் அகமது.

"நான் கேக்கறது முதலாளி கமர் நிஷாவை."

"அவ எப்டி சார் அங்க இருப்பா?"

வெங்கட்ரமணனின் பேனா நின்றது. "அங்க இல்லையா? எப்போலேருந்து?"

"இவ இங்க வந்த நாள்லேருந்து."

"தொழிலாளியை மீட்ட அன்னிக்கே முதலாளி வீட்டை விட்டுக் கிளம்பிட்டாங்க." வெங்கட்ரமணன் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. "தலைமறைவு."

"சார், இதோ நிக்கிறா சார்!" நூர் அகமது கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே விரலை நீட்டினான்.

"அது தொழிலாளி."

"நாந்தாங்க முதலாளி" என்றாள் கமர் நிஷா. "சத்தியமா நாந்தாங்க. என்னைய இன்னா வேணா பண்ணுங்க. ஊட்டுக்கு வுட்டுடுங்க."

வெங்கட்ரமணன் அவளைத் தனியாக நாலடி அழைத்துப் போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். "அப்படிச் சொல்லாதீங்கம்மா. ரெண்டு மாசமா உங்களை நாங்க பாதுகாத்திருக்கோம். இப்ப நீங்கதான் முதலாளின்னா, யாரை யார்கிட்டேருந்து பாதுகாத்தோம்? ஆண்டறிக்கை அச்சுக்குப் போயாச்சு. அதுல நீங்க பதினாறாம் பக்கத்துல இருக்கீங்க. பழவேற்காட்டுப் பெண்கள் எல்லாரோட கடையும் உங்களை நம்பித்தான் இருக்கு." பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, "கொடுமை செய்த முதலாளி எங்க இருக்காங்கன்னே தெரியாத நிலைமையில இவங்களை வெளியே அனுப்பறது பாதுகாப்பு இல்லை. அவங்க கிடைக்கிறவரைக்கும் இவங்க இங்கேயே இருக்கட்டும்" என்றார். உத்தரவில் கையெழுத்துப் போடாமல் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

பச்சையப்பன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் கெட்டவன் இல்லை. "நீயே முதலாளின்னு இங்க நின்னு கத்தாதம்மா" என்றான். "முதலாளியம்மாவ இந்த கேட்டுக்குள்ள வுடக்கூடாதுன்னு எனக்கு ஆர்டரு. நீதான் அதுன்னு தெரிஞ்சா உன்ன உள்ள வுட்டதுக்கு என் வேல பூடும்."

"அப்ப வெளிய வுடுங்கண்ணே."

"வெளிய வுடணும்னா நீ தொழிலாளி. கையெழுத்து வேணும்."

நூர் அகமது கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். தெருவில் ஒரு லாரி இரும்புக் கம்பிகளை ஏற்றிக்கொண்டு போனது. அது போய் முடிகிற வரை இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கமர் நிஷா முக்காட்டின் ஓரத்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பிக்குப் பக்கத்தில் வந்தாள்.

"ஏங்க, அவள எங்கனா தேடிப் பாருங்க" என்றாள். "எங்க இருந்தாலும் கையப் புடிச்சிக் கூட்டினு வாங்க. அவ கெடச்சாதான் நான் ஊட்டுக்கு வர முடியும்."

நூர் அகமது தலையை ஆட்டினான். கேட்டை விட்டுவிட்டுத் தேடக் கிளம்பினான். சாலையில் இறங்கி, வலது பக்கம் போவதா இடது பக்கம் போவதா என்று தெரியாமல் நின்றான்.